கார் சாவியின் பேட்டரி: மாற்றும் முறையும் வீட்டில் பேண வேண்டிய கவனமும்



இருபது ஆண்டுகளுக்கு முன் நம் தெருக்களில் கார் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று அப்படியில்லை. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது, செகண்ட் ஹேண்டில் எடுத்தது, கடை வியாபாரத்துக்கு வாங்கியது என்று பல வீட்டு வாசல்களில் வண்டி நிற்கிறது. ஓட்டக் கற்றுக்கொண்ட நாம் அதைப் பேணுவதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டோம். சாவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், வீட்டிலேயே பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்குப் பட்டறைக்குப் போகிறோம். வீட்டில் மாற்றுகிறவர்களோ, கழற்றிய பழைய பேட்டரியை டிவி மேலோ பிரிட்ஜ் மேலோ வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்த மறதி குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே சாவியின் பேட்டரியை மாற்றும் முறையையும், அதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய வண்டிப் பாதுகாப்பையும் இந்த இதழில் விளக்குகிறோம். வண்டி ஓட்டாத தாய்மார்களும் பாட்டிமார்களும் இதை அவசியம் படிக்க வேண்டும். குழந்தையின் கையில் சாவி போகிற வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய கார் சாவிக்கு மூன்று வேலைகள். முதலாவது, கதவைத் திறந்து பூட்டும் ரிமோட். பட்டனை அழுத்தினால் ஒரு சிறு ரேடியோ அலை கிளம்பிக் காருக்குச் செய்தி சொல்கிறது. இதற்குத்தான் பேட்டரி வேண்டும்.

இரண்டாவது, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சில்லு. இதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவியைத் துளையில் போட்டுத் திருப்பும்போது அங்கே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளிலிருந்து இது மின்சாரம் பெற்றுக்கொண்டு, தன் ரகசிய எண்ணைக் காருக்குச் சொல்கிறது. எண் பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும்.

மூன்றாவது, இரும்புச் சாவி. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களிலும் இது உண்டு. ஸ்மார்ட் சாவியின் உடலுக்குள் சொருகியிருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு கொக்கியைத் தள்ளினால் வெளியே வரும். வண்டி வைத்திருப்பவர்களில் பலர் இதை ஒரு முறைகூட உருவிப் பார்த்ததில்லை. இன்றே உருவிப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள்.

பேட்டரி தளர்ந்துவிட்டதை எப்படி அறிவது?

சாவி பேட்டரி பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை உழைக்கும். ஒரே நாளில் திடீரென்று தீர்வது குறைவு. முன்கூட்டியே அடையாளம் காட்டும். இருபது அடி தூரத்தில் திறந்த கதவு, ஐந்தடிக்குள் போனால்தான் திறக்கும். ஒரு முறை அழுத்தினால் போதும் என்றிருந்தது இரண்டு மூன்று முறை கேட்கும். சாவியிலுள்ள சிவப்பு விளக்கு மங்கும். புதிய கார்களில் டேஷ்போர்டிலேயே சாவி பேட்டரி குறைவு என்று எழுத்து வரும்.

ரிமோட் வேலை செய்யாததற்கு எப்போதும் சாவியே காரணம் என்று சொல்லவும் முடியாது. வீட்டிலுள்ள இரண்டாவது சாவியை அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் முதல் சாவியின் பேட்டரிதான் பழுது. இரண்டுமே வேலை செய்யாமல், காருக்குள் விளக்கும் மங்கலாக எரிந்தால், குறை பெரும்பாலும் பானட்டுக்குள் இருக்கும் பெரிய பேட்டரியில் இருக்கும். அப்போது சாவியைத் திறந்து பயனில்லை.

எந்த பேட்டரி வாங்க வேண்டும்?

சாவிக்குள் இருப்பது ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்ட லித்தியம் பேட்டரி. அதன் மேல் சி, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர் 2025 அதே அகலம், ஆனால் 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர் 1620 என்றால் 16 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன். எல்லாமே 3 வோல்ட்தான். மின்சாரம் ஒன்றாக இருப்பதால் எதையும் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தடிமன் குறைந்ததைப் போட்டால் தகடு சரியாகத் தொடாமல் விட்டுவிட்டு வேலை செய்யும். தடித்ததைத் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும். பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதே எண் வாங்குங்கள். வண்டியோடு வந்த கையேட்டிலும் அது எழுதியிருக்கும்.

அட்டையில் மூடி ஒட்டி வரும் நல்ல நிறுவனத்துப் பேட்டரியே போதும். உறையில்லாமல் உதிரியாக விற்பதை வாங்காதீர்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பூச்சு சில சாவிகளில் தகட்டோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. புதுப் பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

மாற்றும் முறை

1. முதலில் சிறு குழந்தைகள் இல்லாத அறையில், மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். விழுகிற திருகாணியும் பேட்டரியும் கண்ணில் படும்.

2. ஸ்மார்ட் சாவியாக இருந்தால் இரும்புச் சாவியை உருவுங்கள். அந்த இடத்தில் சிறு பள்ளம் தெரியும். தட்டையான ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் துணி சுற்றி, அந்தப் பள்ளத்தில் வைத்து மெதுவாகத் திருப்பினால் சாவியின் உடல் இரண்டாகப் பிரியும். மடக்குச் சாவியில் பெரும்பாலும் ஓரத்தில் பள்ளமோ பின்புறம் சிறு மூடியோ இருக்கும். திருகாணி இருந்தால் அதைக் கழற்றாமல் நெம்பக் கூடாது.

3. பழைய பேட்டரியை எடுக்கும் முன் அதில் கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பழையதை இரும்புக் கருவியால் குத்தி எடுக்க வேண்டாம். நகத்தாலோ பிளாஸ்டிக் முனையாலோ ஓரத்தில் தூக்குங்கள். எடுத்த அந்த நொடியே அதன் இரு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, சட்டைப் பையிலோ உயரமான அலமாரியிலோ வையுங்கள். அடுத்த வேலையை அதற்குப் பிறகு பாருங்கள்.

5. புதியதை ஓரத்தில் பிடித்து, அதே பக்கம் இருக்குமாறு வைத்து அழுத்துங்கள். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் விரல்களால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டாம். வியர்வை, எண்ணெய் பட்டால் துடைத்துவிடுங்கள்.

6. உள்ளே இருக்கும் பச்சைப் பலகையைத் தொடாதீர்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பாதியையும் சேர்த்து, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

7. காரருகே போய்ப் பூட்டித் திறந்து சோதியுங்கள். சில மாடல்களில் சாவியைக் காரோடு மீண்டும் பழக்க வேண்டியிருக்கும். அதன் முறை கையேட்டில் இருக்கும்.

மூடியபின் சாவியை நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். மூடி ஆடினாலோ உடைந்திருந்தாலோ அப்படியே விடாதீர்கள். கீழே விழுந்து சாவி பிளந்தால் பேட்டரி வெளியே தெறிக்கும். சாவி உறை தனியாகக் கடைகளில் கிடைக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு நாளைக் கடத்துகிற வழக்கம் வேண்டாம்.

வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால்

வெளியூரில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் சாவி செத்துப்போனாலும் பதற வேண்டியதில்லை. இரும்புச் சாவியால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கலாம். சில கார்களில் சாவித் துளை கைப்பிடியின் மூடிக்குள் மறைந்திருக்கும். அப்படித் திறக்கும்போது அலாரம் அடித்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும். துளையில் போட்டுத் திருப்பும் சாவியாக இருந்தால் வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் இம்மொபிலைசருக்குப் பேட்டரி வேண்டியதில்லை. பட்டன் ஸ்டார்ட் கார்களில் பலவற்றில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்த வேண்டும். வேறு சிலவற்றில் சாவியை வைப்பதற்குத் தனி இடம் இருக்கும்.

கழற்றிய பேட்டரியில்தான் பெரிய ஆபத்து

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. குழந்தை அழுதால் கையில் கார் சாவியைக் கொடுத்து விளையாட்டுக் காட்டுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பட்டனை அழுத்தினால் வண்டி கத்துகிறது, குழந்தை சிரிக்கிறது. அந்தச் சாவி எத்தனை முறை தரையில் விழுந்திருக்கும், அதன் மூடி எவ்வளவு தளர்ந்திருக்கும் என்று நாம் பார்ப்பதில்லை.

வட்ட லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், அதன் அகலம் காரணமாக உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ளவைதாம் மிகவும் ஆபத்தானவை. சிக்கிய இடத்தில் குழாயின் ஈரமான சதை பேட்டரியின் இரு பக்கத்தையும் தொடுகிறது. மின்சாரம் பாய வழி கிடைத்துவிடுகிறது. கழித்தல் பக்கத்தில் சோடா காரம் போன்ற ஒரு காரப்பொருள் உண்டாகி, சதையை அரிக்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் ஏற்பட்டுவிடும். குழாயில் ஓட்டை விழலாம். பக்கத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்வரை அரித்துவிட்டால், பேட்டரியை எடுத்துப் பல நாள் கழித்தும் இரத்தம் கொட்டி உயிர் போகலாம்.

தீர்ந்துபோன பேட்டரிதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. ரிமோட் வேலை செய்வதற்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். அது கொஞ்சம் குறைந்தாலே ரிமோட் நின்றுவிடும். ஆனால் சதையை அரிக்க அதில் பாதியே போதும். நாம் பழையது என்று ஒதுக்கிவைப்பதில் அந்த அளவு தாராளமாக மிச்சமிருக்கிறது.

அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, ரிமோட்டிலிருந்து வெளியே வந்த இப்படிப்பட்ட பேட்டரியை விழுங்கி 2020 டிசம்பரில் இறந்தது. அந்தக் குழந்தையின் தாயார் விடாமல் முயன்றதன் பலனாக, 2022இல் அந்த நாட்டில் ரீஸ் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டமே வந்தது. குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாதபடி பேட்டரி மூடிகள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் வீட்டிலுள்ள பழைய சாவிகளுக்கும் ரிமோட்டுகளுக்கும் அந்தக் காவலை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

இந்தப் பேட்டரி கார் சாவியில் மட்டும் இல்லை. எடை பார்க்கும் கருவி, சிறிய ரிமோட்டுகள், விளக்கெரியும் பொம்மைகள், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகள் ஆகியவற்றிலும் வட்ட பேட்டரி உண்டு. விரலில் மாட்டும் தஸ்பீஹ் கவுண்டரிலும் சிறிய அளவில் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து வீட்டிலுள்ளவற்றையெல்லாம் எடுத்து, மூடி தளர்ந்தவற்றுக்கு டேப் ஒட்டிவிடுங்கள்.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

குழந்தை விழுங்கியதை யாரும் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. எச்சில் வழிதல், சாப்பிட மறுத்தல், இருமல், மூச்சில் கரகரப்பு, வாந்தி, நெஞ்சைத் தொட்டு அழுதல் ஆகியவை அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். வைத்த இடத்தில் பேட்டரி இல்லை, குழந்தை அங்கே விளையாடியது என்றாலே சந்தேகம் போதும்.

உடனே 108க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எக்ஸ்ரேயும், தொண்டைக்குள் குழாய் விட்டு எடுக்கும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையாக இருப்பது நல்லது. மலத்தில் வந்துவிடும், காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்துத் தள்ளிவிடப் பார்க்கக் கூடாது. அதே வகைப் பேட்டரியோ அதன் அட்டையோ இருந்தால் கையில் எடுத்துச் செல்லுங்கள். காசு விழுங்கியதாக நினைத்துவிடாதபடி, பேட்டரி என்ற சொல்லை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பேட்டரியின் ஓரம் இரட்டை வளையமாகத் தெரியும்.

அமெரிக்காவின் தேசியத் தலைநகர் நச்சு முறிவு மையம் ஒரு முதலுதவியைப் பரிந்துரைக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, அதனால் விழுங்க முடிந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் பேட்டரிக்கும் சதைக்கும் நடுவே படிந்து அரிப்பைத் தாமதப்படுத்துகிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேன் கிடைக்கவில்லை என்று கடைக்கு ஓடி நேரத்தைக் கழிக்கவும் கூடாது. தேன் மருந்தாகாது. கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். பேட்டரியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். அங்கே சொட்டு மருந்தோ எண்ணெயோ விடாதீர்கள். ஈரம் அரிப்பை அதிகமாக்கும்.

பூட்டியதாக நினைத்த கார்

தளர்ந்த சாவி பேட்டரியால் வரும் இன்னொரு ஆபத்தைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தபடியே பட்டனை அழுத்துகிறோம். பேட்டரி தளர்ந்திருந்தால் கார் பூட்டாது. நாம் பூட்டிவிட்டதாக நினைத்துப் போய்விடுகிறோம். தெருவில் விளையாடும் குழந்தைகள் கதவைத் திறந்து உள்ளே ஏறுகிறார்கள். பிறகு திறக்கத் தெரியாமல் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், விளையாடப் போன நான்கு குழந்தைகள் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி, கதவு மூடிக்கொண்டதால் மூச்சடைத்து இறந்துபோனார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி சூடு ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் இது பெரிதாகக் குறையாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் பல மடங்கு வேகமாகச் சூடாகும்.

ஆகவே பூட்டியபின் விளக்கு மின்னியதா, சத்தம் வந்ததா என்று பார்த்து, கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும். குழந்தை காணவில்லை என்றால் கிணறு, தொட்டி பார்ப்பதோடு கார்களின் உள்ளேயும் டிக்கியிலும் பாருங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, மாட்டிக்கொண்டால் முன் இருக்கைக்குத் தாண்டி வந்து முன் கதவைத் திறக்கவும், ஹார்னை விடாமல் அழுத்தவும் சொல்லிக் கொடுங்கள். பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. முன் கதவுகளில் அந்தப் பூட்டு இல்லை.

குழந்தை உள்ளே இருக்க, சாவியும் உள்ளே மாட்டிக்கொண்டால், மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைக்குத் தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் ஸ்பேனரால் ஓங்கி அடித்து உடையுங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, எளிதில் உடையாது. கண்ணாடிக்கு ஆகும் செலவை அந்த நேரத்தில் யோசிக்கலாகாது.

டேஷ்போர்டு விளக்குகள் சொல்வது என்ன?

சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் பல விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைகின்றன. கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. அணைய வேண்டியது அணையாமல் நின்றால் அந்த உறுப்பில் குறை இருக்கிறது. சிவப்பு என்றால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

ஆள் உட்கார்ந்து எதிரே பந்து விரிந்த படம் ஏர்பேக் விளக்கு. அது அணையாவிட்டால் மோதும் வேளையில் ஏர்பேக் விரியாமல் போகலாம். இந்த வேலையைத் தெருமுனை எலக்ட்ரீசியனிடம் கொடுக்கக் கூடாது. ஏர்பேக்கினுள் வெடிக்கும் பொருள் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் கார் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். சாவியை ஆன் செய்யும்போது ஏர்பேக் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை என்றால், குறையை மறைக்க அந்த விளக்கையே துண்டித்திருக்கலாம். அதே நேரம் இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். ஒன்று தொலைந்துவிட்டது என்றால், தொலைந்த சாவியின் எண்ணைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

ஏர்பேக் விரியும் இடத்தில் டேஷ்போர்டின் மேல் பொருள்களை ஒட்டிவைப்பதும், இருக்கையின் பக்கத்தில் ஏர்பேக் உள்ள வண்டிகளுக்குத் தடித்த சீட் கவர் போடுவதும் ஆபத்து. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டு, மோதலை உணரும் சென்சாரை ஏமாற்றிவிடும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரிந்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் அவசரமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கலாம். சிவப்பு பிரேக் விளக்கு, கைப் பிரேக்கை விடுவித்த பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை இறக்கங்களில் சூடேறிக் கொதித்து பிரேக் பிடிக்காமல் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

சீட் பெல்ட்டும் மடியில் குழந்தையும்

பின் இருக்கையில் பெல்ட் தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். உயர்ந்த ரகக் காரின் பின் இருக்கையில் அவர் பெல்ட் போடாமல் இருந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. பின்னால் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம்.

முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை அடியோடு விட்டுவிட வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ குழந்தையின் கனம் நூறு கிலோவுக்கு மேல் ஆகிவிடும். எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. கூடவே ஏர்பேக்கும் வெடித்து அந்தக் குழந்தை மேலேயே மோதும். குழந்தைகளின் இடம் பின் இருக்கை.

புர்கா அணிந்த சகோதரிகள், துணியின் மடிப்புகளை நீவிவிட்டு, பெல்ட் உடம்போடு ஒட்டியிருக்குமாறு போட வேண்டும். கர்ப்பிணிகள் கீழ்ப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல் வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் போட வேண்டும். மேல் பட்டை தோள் வழியாக மார்பின் நடுவே வர வேண்டும். பீப் சத்தத்தை நிறுத்துவதற்கென்றே விற்ற போலிக் கொக்கிகளை 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து அகற்றச் சொன்னது. உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே எடுத்து எறியுங்கள்.

டயரும், நின்றே கிடக்கும் வண்டியும்

டயரின் பள்ளத்தில் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காற்று எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிப்பதே சரியான அளவு. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் நம்மில் அதிகம். வாரம் ஒரு முறை யாரேனும் அரை மணி நேரம் ஓட்டினால் பெரிய பேட்டரி இறங்காது, டயரும் ஒரே இடத்தில் அழுந்தாது. ஸ்மார்ட் சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். சாவியும் காரும் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்து இரண்டின் பேட்டரியும் தீரும்.

மாதம் ஒரு முறை

மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று, பள்ளிக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு சாவியும் வேலை செய்கிறதா, சாவியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, டேஷ்போர்டு விளக்குகள் எரிந்து அணைகின்றனவா, எல்லா பெல்ட்டும் இழுத்தால் பிடித்து நிற்கிறதா, ஐந்து டயரிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். குப்பையைக் கிளறும் பிள்ளைகளின் கைக்கு அது போகும். அறக்கட்டளை அலுவலகத்தில், சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் மூடி போட்ட டப்பா ஒன்று வைத்திருக்கிறோம். இரு பக்கமும் டேப் ஒட்டி, லுஹர் முதல் அஸர் வரை கொண்டுவந்து கொடுக்கலாம். சேர்ந்ததும் மின்கழிவு வாங்குவோரிடம் ஒப்படைத்துவிடுவோம். சாவியைத் திறக்கத் தயங்கும் முதியவர்களும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளும், அதே எண் பேட்டரியை வாங்கி வந்தால் அலுவலகத்திலேயே மாற்றித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். இதற்குக் கட்டணம் இல்லை.

வஸ்ஸலாம்.

செயலாளர்